பனிக்கடியில் புதைந்த நிலம்: பழைய காலநிலையை அறிய எந்த வழியில் போவது?

அண்டார்க்டிகாவையும் கிரீன்லாந்தையும் போர்த்தியிருக்கும் பனிப்படலங்களுக்குக் கீழே மலைத்தொடர்கள் இருக்கின்றன. ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளும், ஒரு காலத்தில் செடிகள் வேர்விட்ட மண்ணும் இருக்கின்றன. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். அண்டார்க்டிகாவில் இருப்பது சுமார் 58 மீட்டர் உயர்வுக்கான நீர். இந்தப் பனி இதற்கு முன் எப்போது விலகியது, எவ்வளவு வெப்பத்தில் விலகியது என்று கேட்டால், நேரடியாகப் பதில் சொல்லக்கூடியது அதன் அடியில் கிடக்கும் நிலம்தான்.

அந்த நிலத்தை நெருங்க நான்கு வழிகள் இருக்கின்றன. விமானத்திலிருந்து ரேடார் அலைகளை அனுப்பி அதன் உருவத்தை வரையலாம். பனியைத் துளைத்து அடியில் உள்ள மண்ணையும் பாறையையும் எடுக்கலாம். நிலத்திலிருந்து அரித்துக் கடலுக்குப் போன சேற்றைக் கரைக்கு அப்பால் தோண்டலாம். அல்லது யாரோ எப்போதோ எடுத்துக் குளிர்கிடங்கில் வைத்த மாதிரிகளையும், பனியாறு தானாக வெளியே தள்ளும் மணலையும் ஆராயலாம். துருவக் கோடை சில மாதங்களே நீடிக்கும். விமானம், துளைக்கருவி, கப்பல் மூன்றையும் ஒரே திட்டத்தில் தாங்கும் ஆய்வுக் குழு அரிது. ஆகவே எதில் இறங்குவது என்பதை முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

என் தேர்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பனி வருவதற்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது?" என்பது கேள்வியானால் ரேடாரும் கடலடிச் சேறும் போதும். "பனி கடைசியாக எப்போது போனது?" என்பது கேள்வியானால், அடித்தரையைத் தொடும் துளைதான் வழி. ஆனால் அதற்கும் முன்னால் பழைய கிடங்குகளைத் திறந்து பார்க்க வேண்டும். இன்றைய உலகுக்கு இரண்டாவது கேள்வியே அவசரமானது என்று நினைக்கிறேன். இந்த ஒப்பீட்டில் என் சாய்வு அதன் பக்கம்தான்.

நிலம் எங்கே தப்பிப் பிழைக்கிறது

எந்த வழியில் போனாலும் ஒரு விஷயம் பொது. பனிப்படலத்தின் அடி உருகுநிலையில் இருக்கும் இடங்களில், பனி தரையை அரைத்தபடி நகரும். பழைய மண் வழித்தெடுக்கப்படும், குறுகிய ஆற்றுப் பள்ளத்தாக்கு தொட்டிபோல அகன்றுவிடும். அடி உறைந்து பாறையோடு ஒட்டிக்கிடக்கும் இடங்களிலோ, பனி தனக்குள்ளேயே உருமாறி நகர்கிறது. தரையை அது தீண்டுவதில்லை. கிலோமீட்டர் கணக்கான பனிச்சுமைக்குக் கீழே ஒரு சுள்ளி லட்சக்கணக்கான ஆண்டுகள் சிதையாமல் கிடப்பது இப்படித்தான். மாதிரி எடுக்க இடம் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது பனியின் தடிமனை அல்ல, அடியின் வெப்பநிலையை.

ரேடார்: உருவம் தெரியும், ஆண்டு தெரியாது

ரேடியோ அலை பனிக்குள் நொடிக்கு ஏறத்தாழ 1,68,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. பாறையில் பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தை அளந்தால் பனியின் ஆழம் கிடைக்கும். விமானம் கோடுகோடாகப் பறந்து இதைச் செய்தால், சில வாரங்களில் ஒரு பெரிய நாட்டின் அளவுள்ள பரப்பின் மேடுபள்ளம் கையில் வந்துவிடும். பரப்பு என்ற அளவுகோலில் வேறெந்த வழியும் இதன் அருகில்கூட வராது.

கிழக்கு அண்டார்க்டிகாவின் நடுவே இருக்கும் காம்பர்ட்செவ் மலைத்தொடரை எடுத்துக்கொள்வோம். 1958-ல் சோவியத் குழுவினர் நிலநடுக்க அலைகளை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு ஒப்பான அந்தத் தொடர் முழுவதுமாகப் பனிக்குள் இருக்கிறது. பின்னாளில் அதற்கு மேலே உள்ள பனி உச்சியான டோம் ஏ பகுதியில் செய்த ரேடார் அளவீடு, கிளைகிளையாகப் பிரியும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும், அவற்றின் மேல் மலைப் பனியாறுகள் பிற்பாடு செதுக்கிய தடங்களையும் காட்டியது. முதலில் ஆறு, பிறகு உச்சிகளில் சிறு பனியாறுகள், கடைசியில் கண்டம் முழுவதையும் மூடிய பனி என்ற வரிசை அந்த உருவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சிறு பனியாறுகள் செதுக்கிய காலத்தில் அங்கே கோடையின் சராசரி வெப்பநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ் இருந்திருக்க வேண்டும் என்று 2009-ல் வெளியான ஆய்வு கணித்தது. இன்று அதே இடம் பூமியின் மிகக் குளிர்ந்த இடங்களில் ஒன்று.

2023-ல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் ஜேமிசன் குழு வெளியிட்டது இன்னும் அழகான வேலை. டென்மன் பனியாற்றுக்கு உட்புறம், கிழக்கு அண்டார்க்டிகாவில், செயற்கைக்கோள் படங்களில் பனியின் மேற்பரப்பு மிக லேசாக நெளிந்திருந்தது. இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கும் தரையின் சாயல் அது. ஏற்கெனவே இருந்த விமான ரேடார் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்ததும், 32 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆறுகள் வடித்த நிலம் வெளிப்பட்டது: மூன்று மேட்டுநிலங்கள், அவற்றைப் பிரிக்கும் ஆழமான பள்ளத்தாக்குகள். குறைந்தது 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளாக, அதாவது அண்டார்க்டிகப் பனி இப்போதைய நிலையை எட்டிய காலத்திலிருந்து, அந்த நிலம் கிட்டத்தட்ட மாறாமல் இருக்கிறது. அதற்குப் பின் வந்த வெப்பக் காலங்களில் அங்கே பனி பெரிதாகப் பின்வாங்கியிருந்தால் இந்த உருவம் கலைந்திருக்கும்.

இங்கேதான் எச்சரிக்கையும் வேண்டும். "குறைந்தது 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகள்" என்ற எண் ரேடாரிலிருந்து வந்ததல்ல. கடலடிப் படிவுகளிலிருந்து நமக்கு ஏற்கெனவே தெரிந்த பனி வரலாற்றை இந்த உருவத்தோடு பொருத்தித்தான் அதைச் சொல்ல முடிந்தது. ரேடாரிடம் கடிகாரம் கிடையாது.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதற்கு வடமேற்குக் கிரீன்லாந்தின் ஹயவாதா பள்ளமே சான்று. 31 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் மோதல் பள்ளம் அது. 2018-ல் ரேடார் உருவத்தை வைத்து அறிவிக்கப்பட்டது. விளிம்புகள் அவ்வளவு கூர்மையாக இருந்ததால், அண்மைப் பனியுகக் காலத்திலேயே மோதல் நடந்திருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. திடீர்க் குளிர்க் காலம் ஒன்றுக்கு அதுதான் காரணமோ என்றுகூடச் சிலர் யோசித்தார்கள். 2022-ல் அந்தப் பனியாற்றிலிருந்து வெளியே வழியும் ஆற்றின் மணலையும் கூழாங்கற்களையும் காலக்கணிப்பு செய்தபோது கிடைத்த விடை 5 கோடியே 80 லட்சம் ஆண்டுகள். உருவத்தை மட்டும் வைத்து வயதை ஊகித்தால் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிசகலாம்.

வேறு குறைகளும் உண்டு. பறந்த கோடுகளுக்கு இடையில் பல கிலோமீட்டர் வெற்றிடம் இருக்கும். வரைபடத்தில் அது கணிப்பால் நிரப்பப்படுகிறது. பனியின் சுமை தரையை நூற்றுக்கணக்கான மீட்டர் அமுக்கி வைத்திருப்பதால், பழைய உயரத்தை அறிய அந்தச் சுமையைக் கணக்கில் நீக்கிப் பார்க்க வேண்டும். இவை சரிசெய்யக்கூடியவை. கடிகாரம் இல்லாததை ரேடாரால் சரிசெய்ய முடியாது.

துளை: கைப்பிடி மண், ஆனால் கடிகாரத்தோடு

துளையின் பலம் இரண்டு இயற்கைக் கடிகாரங்களில் இருக்கிறது. முதலாவது அண்டக்கதிர்களால் இயங்குவது. திறந்த வெளியில் கிடக்கும் பாறையின் மேல் சில மீட்டருக்குள் விண்ணிலிருந்து வரும் துகள்கள் மோதி, குவார்ட்ஸ் மணிகளில் பெரிலியம்-10, அலுமினியம்-26 ஆகிய கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. பனி மூடிவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். இருப்பது சிதையத் தொடங்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும், பெரிலியம் ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகளில். இரண்டின் விகிதத்தைப் பார்த்து, பாறை எவ்வளவு காலம் வானத்தைப் பார்த்தது, எவ்வளவு காலம் புதைந்திருந்தது என்று கணக்கிடலாம். இரண்டாவது கடிகாரம் ஒளிர்வு. மணல் மணி இருட்டில் கிடக்கும்போது சுற்றியுள்ள கதிரியக்கத்தின் ஆற்றலைச் சேமிக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்து பூஜ்யத்துக்குத் திரும்பும். ஆகவே சேமிப்பின் அளவு, கடைசியாக வெயில் பட்ட நாளிலிருந்து எவ்வளவு காலம் ஆனது என்பதைச் சொல்லும்.

1966-ல் வடமேற்குக் கிரீன்லாந்தில் கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க ராணுவ முகாமில், ஏறத்தாழ 1,390 மீட்டர் பனியைத் துளைத்து அடியை எட்டினார்கள். பனிக்குக் கீழே மூன்று மீட்டருக்கும் மேல் உறைந்த மண் கிடைத்தது. அன்று எல்லோருடைய கவனமும் பனியின் மீது இருந்தது. மண் கிடங்குக்குப் போனது. 2017-ல் கோபன்ஹேகனில் அது மீண்டும் கண்ணில் பட்டது. 2021-ல் அந்த மண்ணில் சுள்ளிகளும் இலைகளும் பாசியும் இருப்பது அறிவிக்கப்பட்டது. 2023-ல் ஒளிர்வு முறை அதற்கு ஆண்டைத் தந்தது: மேல்மண் கடைசியாக வெயிலைக் கண்டது சுமார் 4 லட்சத்து 16 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். பிழை வரம்பு 38 ஆயிரம் ஆண்டுகள்.

பூமி நீண்ட நேரம் மிதமாகச் சூடாக இருந்த காலகட்டம் அது. காற்றில் கரியமில வாயு அப்போது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அவ்வளவு குறைந்த அளவிலேயே கிரீன்லாந்தின் வடமேற்குப் பனி விலகியது. அந்த முகாமின் இடத்தில் பனி இல்லாமல் போக வேண்டுமானால், கடல்மட்டத்தை குறைந்தது 1.4 மீட்டர் உயர்த்தும் அளவுக்குக் கிரீன்லாந்து உருகியிருக்க வேண்டும் என்று கணினி மாதிரிக் கணக்குகள் காட்டின. ஓர் இடத்து மண், ஓர் ஆண்டு, அதிலிருந்து கடல்மட்டத்துக்கு ஒரு எண். ஒரு கண்டத்தின் முழு ரேடார் வரைபடத்தாலும் தர முடியாத விடை இது. எனக்கு இந்தத் துறையில் இதைவிட வலுவான சான்று வேறில்லை.

கிரீன்லாந்தின் நடு உச்சியில் எடுத்த ஜிஸ்ப்-2 துளையும் அதே பக்கம் பேசுகிறது. 1993-ல் 3,053 மீட்டரைத் தாண்டி அடிப்பாறையில் 1.55 மீட்டர் எடுத்தார்கள். 2016-ல் அந்தப் பாறையின் பெரிலியம், அலுமினியம் அளவுகள் வெளியாயின. இப்போதைய பனிப்படலம் தொடர்ந்து நிலைத்திருக்கக்கூடிய உச்சகட்டக் காலம் 11 லட்சம் ஆண்டுகள். அதுவும், அதற்கு முன் 2 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கே பனி இல்லாதிருந்தால்தான் பொருந்தும். 2024-ல் அதே துளையின் அடிமண்ணிலிருந்து வில்லோ மரத்துணுக்கு, பூச்சியின் பாகங்கள், பாப்பிச் செடியின் விதை ஆகியவை கிடைத்தன. தீவின் நடு உச்சியில் துந்திரா, அதாவது மரங்கள் அரிதான குளிர்நிலத் தாவரம், செழித்திருக்கிறது என்றால், ஓரங்களில் பனி எப்படி இருந்திருக்கும் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் எதிராக ஒரே ஒரு பெரிய குறை நிற்கிறது. துளை என்பது ஒரு புள்ளி. அது தரும் ஆண்டு அந்தப் புள்ளிக்கு உரியது. அங்கிருந்து கண்டத்துக்குப் போக மாதிரிக் கணக்கின் துணை வேண்டும். ஜிஸ்ப்-2 போன்ற ஆழத்துளைக்கு ஐந்து கோடைகள் பிடித்தன. கடிகாரங்களுக்கும் ஆயுள் எல்லை உண்டு: சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் பெரிலியமும் அலுமினியமும் மங்கிவிடும், ஒளிர்வு அதற்கும் வெகு முன்பே நிறைந்துவிடும். முதன்முதலில் அண்டார்க்டிகா உறைந்த காலத்தை இவற்றால் எட்டவே முடியாது.

கடலடிச் சேறு: நீண்ட நினைவு, மங்கலான முகவரி

அந்தத் தொலைவுக்குப் போக வேண்டியவர் கப்பலேற வேண்டும். 2010-ல் கிழக்கு அண்டார்க்டிகாவின் வில்க்ஸ் லேண்ட் கரைக்கு அப்பால் தோண்டிய படிவுகளில், சுமார் 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பனைக் குடும்பத்து மகரந்தமும், பாவோபாப் மரத்தின் உறவினங்களுடைய மகரந்தமும் இருந்தன. மாதக்கணக்கில் சூரியன் வராத துருவக் குளிர்காலத்திலும் கரையோரம் 10 டிகிரிக்குக் கீழே போகவில்லை என்பது அதன் பொருள். 2017-ல் போலார்ஸ்டெர்ன் கப்பல் மேற்கு அண்டார்க்டிகாவை ஒட்டிய அமுண்ட்சென் கடலடியில் துளைத்தெடுத்த சேற்றுப்பாறையில், சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காட்டின் வேர்ப்பின்னல் அப்படியே இருந்தது. அன்று அந்த இடம் தென் அட்சம் 82 டிகிரி அருகில் இருந்தது. தென்துருவத்துக்கு அவ்வளவு பக்கத்தில் மழைக்காடு.

சேறு அடுக்கடுக்காக, இடைவிடாமல் படிவது இதன் பெரிய வசதி. பனி வந்து போய் வந்த வரலாற்றை வரிசையாகப் படிக்கலாம். பாறைத் துகளில் உள்ள நியோடைமியம் என்ற தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின் (ஐசோடோப்புகளின்) விகிதத்தைப் பார்த்து, அந்தத் துகள் எந்தப் பகுதியிலிருந்து அரிக்கப்பட்டது என்றும் ஓரளவு கூறலாம். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வில்க்ஸ் படுகையில், அண்டார்க்டிகா தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2 டிகிரியாவது சூடாக, 2,500 ஆண்டுகளோ அதற்கு மேலோ இருந்த காலங்களில் பனி பின்வாங்கியது என்று 2018-ல் இப்படித்தான் கண்டார்கள்.

ஆனால் "ஓரளவு" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சேறு பல பள்ளத்தாக்குகளின் கலவை. உள்நாட்டின் எந்த மலையில் பனி நின்றது, எந்தச் சமவெளியில் போனது என்று அது பிரித்துச் சொல்லாது. 2016-ல் நேச்சர் இதழில் ஜிஸ்ப்-2 பாறை பற்றிய கட்டுரையோடு அதே வேளையில் இன்னொரு கட்டுரையும் வந்தது. கிழக்குக் கிரீன்லாந்துக்கு அப்பாலான கடற்படிவின் மணலை ஆராய்ந்த பால் பியர்மன் குழு, அங்கே 75 லட்சம் ஆண்டுகளாகப் பனி நீடித்திருக்கிறது என்றது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரண். கூர்ந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கலாம். ஜிஸ்ப்-2 இடம் வெறுமையாகும்போது, மீதிப் பனி கிழக்கு மேட்டுநிலங்களில் ஒதுங்கும் என்றே மாதிரிக் கணக்குகள் காட்டுகின்றன. அப்போது மொத்தப் பனி இன்றைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். கடல்மணல் அந்தக் கிழக்கு மலைகளின் கதையைச் சொன்னது, பாறை தீவின் நடுவின் கதையைச் சொன்னது. சேற்றை மட்டும் நம்பியிருந்தால், கிரீன்லாந்து உறுதியானது என்ற தவறான நிம்மதி வந்திருக்கும். துளையின் பக்கம் நான் சாய்வதற்கு இது முக்கியக் காரணம்.

கிடங்கும் ஆற்று மணலும்

செலவில் இந்த நான்காவது வழியோடு போட்டி போட ஏதுமில்லை. கேம்ப் செஞ்சுரி மண்ணும் ஜிஸ்ப்-2 விதைகளும் பல பத்தாண்டுகள் குளிர்பெட்டியில் காத்திருந்தவை. ஹயவாதாவின் வயது பனியாற்றின் வாயில் பொறுக்கிய கற்களிலிருந்து வந்தது. அடியை எட்டிய ஆழத்துளைகள் மிகச் சிலவே என்பதால் இந்த வழி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆற்று மணலின் பிறப்பிடத்தைத் துல்லியமாகக் கூறவும் முடியாது. ஆனாலும் புதிய பயணத்துக்கு விண்ணப்பம் எழுதும் முன் இதைச் செய்து முடிக்காத குழுவுக்குப் பணம் தரக் கூடாது என்பேன்.

எந்தக் கேள்விக்கு எதை எடுப்பது

அண்டார்க்டிகாவில் முதல் பனி பிறந்த 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம்தான் இலக்கு என்றால் கப்பலும் ரேடாரும் சேர்ந்த திட்டம் சரி. அங்கே துளைக்குப் பணம் போடுவது வீண். அதன் கடிகாரங்கள் அவ்வளவு தூரம் ஓடாது. காலநிலை மாதிரிகளுக்குச் சரியான தரைவடிவம் தேவை என்றால், அது முழுக்க ரேடார் வேலை.

வரும் நூற்றாண்டுகளின் கடல்மட்டத்துக்காகக் கேட்பவருக்கோ, என் பரிந்துரை ஆழமான ஒற்றைத் துளை அல்ல. பனி சில நூறு மீட்டரே தடித்த ஓரப்பகுதிகளில், அடி உறைந்திருக்கும் மேடுகளில், பல சிறு துளைகள். கிரீன்லாந்தில் துளையிடும் கிரீன்டிரில் திட்டம் 2023-ல் அதன் வடமேற்கிலுள்ள புரூடோ பனிக் குவிமாடத்தில் இதைத்தான் செய்தது: அங்கே அடிமண் கடைசியாக வெயில் கண்டது ஏறத்தாழ 7 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்று தெரிந்தது. மேற்கு அண்டார்க்டிகாவில் மர்ஃபி மலையருகே சிறிய கருவியால் எடுத்த பாறைகள், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் பனி இன்றையதைவிடக் குறைந்தது 35 மீட்டர் மெலிந்து, பிறகு மீண்டும் தடித்ததைக் காட்டின. பெரிய துளை ஒன்றுக்கு ஆகும் காலத்தில் இப்படிப் பல புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் பலவானால், துளையின் ஒரே பெரிய குறையும் சுருங்குகிறது.

இடத்தேர்வுக்கு ஏற்கெனவே பறந்து எடுத்த ரேடார் பதிவுகளே பெரும்பாலும் போதும். புதிய பறப்புக்கான பணத்தை ஆய்வகத்துக்கு மாற்றலாம். மாதிரியை வெளிச்சம் படாமல் எடுத்து, உறைந்த நிலையிலேயே கொண்டுவந்து, சிவப்பு விளக்கில் திறக்கும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு முறை வெயில் பட்டால் ஒளிர்வுக் கடிகாரம் அழிந்துவிடும். எடுத்ததில் பாதியை அளக்காமல் உறையவிட்டு வைக்கவும் இடம் ஒதுக்க வேண்டும். கேம்ப் செஞ்சுரியின் மண்ணை எடுத்தபோது, அதற்கு ஆண்டு சொன்ன முறை இன்னும் பிறந்திருக்கவில்லை.